எத்தனை காந்தம்?

"அந்தப் பாட்டெல்லாம் என் போன்லயே இருக்கு அத்தை. அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் போகணும்?"

லண்டனில் என் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு 11 வயது. தனக்கும் அவளுக்குமாக அண்ணன் 2 டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். கடைசி நேரத்தில் அவருக்கு வேலை வந்துவிட்டதால் ஒரு டிக்கெட் என் கைக்கு வந்தது. ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் 4 பேர் கொண்ட ராக் குழு வாசிக்கப் போகிறது. அரை மணி நேரக் கச்சேரி. சபாக் கச்சேரியும் கோயில் நாகசுரமும் கேட்டு வளர்ந்தவள் நான். ராக் இசையை நேரில் கேட்கப்போவது எனக்கும் அதுதான் முதல் தடவை.

அவள் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஒரு விளையாட்டு வச்சுக்கலாம். அந்தக் கடைக்குள்ள எத்தனை காந்தம் இருக்குன்னு எண்ணிச் சொல்லு, பார்க்கலாம்" என்றேன். "காந்தமா? பாட்டுக் கடையிலயா?" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் பைக்குள் போயின.

ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்கினோம். அங்கிருந்து பிரிக் லேன் தெருவில் நடந்தால், ஒரு காலத்தில் பீர் காய்ச்சிய பெரிய ஆலை வரும். ஆலை எப்போதோ மூடிவிட்டது. அதன் கட்டடங்களில் ஒன்றில்தான் ரஃப் டிரேட் ஈஸ்ட் என்ற கடை இருக்கிறது. ரஃப் டிரேட் 1976-இல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் என்பவர் தொடங்கிய சின்னக் கடை. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத குழுக்களின் இசைத்தட்டுகள் அங்கே கிடைக்கும். 1978 முதல் அவர்களே இசைத்தட்டு வெளியிடவும் ஆரம்பித்தார்கள். கிழக்கு லண்டன் கடை 2007-இல் வந்தது. இப்படிப் பெரிய நிறுவனங்களைச் சாராமல் பாட்டு வெளியிடுகிற குழுக்களை 'இண்டி' என்பார்கள். 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லின் செல்லச் சுருக்கம் அது. நம் ஊர்ச் சிறுபத்திரிகைக்காரர்களை நினைத்துக்கொண்டால் உங்கள் அப்பா அம்மாவுக்குச் சட்டென்று புரியும்.

நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். கடையின் ஒரு கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. சுற்றிலும் மரப்பெட்டிகளில் வரிசை வரிசையாக இசைத்தட்டுகள். கூட்டம் இன்னும் வரவில்லை.

"இப்ப ஒரு தடவை கை தட்டு" என்றேன். தட்டினாள். சத்தம் கடைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது.

"இதை ஞாபகம் வச்சுக்கோ. கூட்டம் வந்ததும் மறுபடி தட்டிப் பார்க்கணும்."

இது நானாகக் கண்டுபிடித்த சோதனை இல்லை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது அரங்கம் கட்டினார்கள். அதில் யார் பேசினாலும் ஒரு சொல்லின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுந்தது. ஒன்றும் புரியவில்லை. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவரச் செய்தார். ஊர் அடங்கிய பின்னிரவில் ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி முழுவதும் மறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். பிறகு சில மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும்! மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. சட்டை போட்ட மனிதர்களும் மெத்தை போலவே ஒலியை விழுங்குகிறார்கள் என்று கண்டார். அரங்குகளைக் கணக்குப் போட்டுக் கட்டும் வழக்கம் அவரிடமிருந்துதான் தொடங்கியது.

கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், ஆள் நிறைந்த பிறகு அவள் மறுபடி கை தட்டினாள். 'டப்' என்ற ஒரே ஒலி. அதன் பின்னால் எதுவும் வரவில்லை. "எங்க போச்சு அத்தை?" என்று சுற்றிலும் பார்த்தாள். 200 பேரின் கோட்டுகளுக்குள்ளும் ஸ்வெட்டர்களுக்குள்ளும் போய், அங்கே மிகமிகச் சிறிய அளவு வெப்பமாக மாறிவிட்டது. மிச்சம் இருந்ததை அந்த இசைத்தட்டு வரிசைகள் பார்த்துக்கொண்டன. வழவழப்பான சுவரில் பட்டால் ஒலி பந்து மாதிரி நேராகத் திரும்பும். மேடும் பள்ளமுமான பரப்பில் பட்டால் நாலா பக்கமும் சிதறும்.

மேடைக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு தாங்கியில் கிட்டார் நின்றது. "தொடாம, குனிஞ்சு பாரு. கம்பிக்கு அடியில என்ன இருக்கு?"

நெடுநேரம் பார்த்தாள். கம்பிகளுக்குக் கீழே வெள்ளை பிளாஸ்டிக்கில் 3 பட்டைகள். ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக வட்ட உலோகப் பொட்டுகள். ஒரு பட்டைக்கு 6 பொட்டு.

"இதுதானா?"

"இதுதான். ஒவ்வொரு பொட்டும் ஒரு குட்டிக் காந்தத்தோட தலை."

நோட்டில் 18 என்று எழுதிக்கொண்டாள். முகச்சுளிப்பு போய்விட்டது.

அந்தப் பட்டைக்குப் பிக்கப் என்று பெயர். காந்தங்களைச் சுற்றித் தலைமுடி அளவே பருமன் உள்ள செப்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். பிளாஸ்டிக் மூடி மறைப்பதால் வெளியே தெரியாது. கிட்டார் கம்பி எஃகினால் ஆனது. காந்தத்துக்கு அருகில் இருப்பதால் அதற்கும் காந்தத்தன்மை ஏறியிருக்கும். மீட்டியதும் கம்பி மேலும் கீழும் ஆடும். அதோடு சேர்ந்து சுற்றியுள்ள காந்தப்புலமும் ஆடும். ஆடுகிற காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் இருந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். உங்கள் பாடப்புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் என்று வருவது இதுதான். கம்பி ஒரு நொடிக்கு 110 முறை ஆடினால் மின்சாரமும் 110 முறை இங்கும் அங்கும் ஓடும். கம்பியின் ஆட்டத்தை அச்சு அசலாக மின்சாரத்தில் எடுத்த நகல் அது. நைலான் கம்பி போட்டால் இந்தக் கிட்டார் ஊமையாகிவிடும், காந்தம் நைலானைச் சட்டை செய்யாது.

இந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவரும் ஒரு லண்டன்காரர்தான். மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். வீட்டில் வறுமை. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகப் போனார். 7 வருடம் அங்கேதான். பைண்டுக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன் படித்துவிடுவார். 1812-இல் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி பேசிய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். இளைஞர் ஃபாரடே போய் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தார். படம் வரைந்தார். தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் டேவியின் உதவியாளராகச் சேர்ந்தார். டேவியின் கருத்துகள் புத்தகங்களிலும் கிடைத்திருக்கும். ஆனாலும் நேரில் போய் உட்கார்ந்து கேட்ட அந்தச் சில மணி நேரம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்பது என் எண்ணம்.

1831-இல் அவர் ஒரு கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் உருவியும் பார்த்தார். காந்தம் அசைந்தபோதெல்லாம் பக்கத்திலிருந்த மின்னோட்டங்காட்டியின் முள் அசைந்தது. காந்தம் சும்மா இருந்தால் முள்ளும் சும்மா இருந்தது. சரியாக 100 வருடம் கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞர் காந்தத்தையும் சுருளையும் கிட்டார் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் கிட்டார் வட்டமாக, நீளக் கைப்பிடியோடு வாணலி போலவே இருந்ததால் 'வாணலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. விற்பனையில் வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார் அதுதான்.

விளக்குகள் மங்கின. குழு மேடையேறியது. முதல் பாட்டுக்கு முன்பே ஒரு சத்தம்: 'ம்ம்ம்...' என்று தேனீக்கூடு மாதிரி. பாடகி கிட்டாரை மாட்டிக்கொண்டு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. மறுபடி நேராக நின்றதும் கூடியது.

இதை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். சுவருக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. இங்கிலாந்திலும் 50, நம் ஊரிலும் 50. அதனால் ஒயர்களையும் விளக்குகளையும் சுற்றி ஒரு காந்தப்புலம் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. சுருளுக்குக் கிட்டார் கம்பியின் ஆட்டம் எது, சுவரின் ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் மின்சாரமாக்கிவிடும். இதற்கு 1955-இல் செத் லவர் என்ற பொறியாளர் ஓர் அருமையான வழி கண்டார். ஒன்றுக்குப் பதில் 2 சுருள். ஒன்றின் காந்தமுனை வடக்கு, மற்றதில் தெற்கு. இரண்டையும் எதிரெதிர் திசையில் இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பியின் இசையோ, காந்தமும் சுருளும் இரண்டுமே தலைகீழாக இருப்பதால், ஒன்றோடொன்று கூடிவிடும். இரைச்சலை வைத்தே இரைச்சலைத் துடைப்பது! குழுவின் இன்னொரு கிட்டார் இந்த வகை. அது சத்தமே போடாமல் நின்றது. அதில் இப்படி 2 பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டைக் காந்தம். பேஸ் கிட்டாரின் 4 கம்பிக்கு 8 பொட்டு. நோட்டில் 28 ஆயிற்று.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. அதை எப்படிச் சொல்வது? மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுக்குள் நிற்கும்போது சட்டென்று பெருமழை பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. நாலு பக்கமும் அதே. டிரம்ஸ் அடி விழும்போதெல்லாம் என் புடவைத் தலைப்பு இலேசாக நடுங்கியது. அண்ணன் மகள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள். உள்ளே யாரோ தட்டுவது போல் இருந்தது.

டிக்கெட்டைக் கையில் வாங்கியபோதே இருவருக்கும் காதடைப்பான் வாங்கிவிட்டேன். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது விளையாட்டு இல்லை. நம் உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 முடிச்செல்கள். ஒலி வரும்போது, காற்றில் நெற்பயிர் மாதிரி அவற்றின் நுனிகள் சாயும். அந்தச் சாய்வுதான் நரம்பில் மின்சாரமாகி மூளைக்குப் போகிறது. பேரொலி இந்தச் செல்களைக் கொன்றுவிடும். கோழிக்குஞ்சுக்கு இவை திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. போனது போனதுதான். குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அதனால் நேரம் பாதியாக வேண்டும். 78-இல் 20 மணி, 81-இல் 10 மணி. அவள் போனிலிருந்த ஒலிமானி அன்றைக்கு 99-ஐத் தொட்டது. பாதி பாதியாக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள். 99-இல் ஒரு வாரம் முழுவதற்குமே 9 நிமிடம் சொச்சம்தான் மிஞ்சும். நல்ல காதடைப்பானைச் சரியாகச் செருகினால் 20 டெசிபல் வரை குறையும். நம் ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டு ஆடுகிறீர்களே, அங்கேயும் இதே கணக்குத்தான்.

மூன்றாம் பாட்டின்போது எங்களுக்கு முன்னால் உயரமான ஒருவர் வந்து நின்றார். அண்ணன் மகளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்ன புகார் வேறு: "அத்தை, சிம்பல் சத்தம் காணோம். 'தும் தும்' மட்டும் கேக்குது." எவ்வளவு நுட்பமான காது பாருங்கள்! பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 343-ஐ 41-ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் வரும்: 8 மீட்டருக்கும் மேல்! ஒரு லாரியின் நீளம். அவ்வளவு பெரிய அலைக்கு ஒரு மனிதரெல்லாம் தடையே இல்லை. ஆற்று வெள்ளம் நாணல் தண்டைச் சுற்றிப் போகிற மாதிரி போய்விடும். சிம்பல் என்ற உலோகத் தட்டின் 'ஸ்ஸ்' என்ற ஒலியில் நொடிக்கு 10,000 அதிர்வுகள் உண்டு. அதன் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு அந்த மனிதரின் முதுகு ஒரு சுவர். அவளை ஓர் இசைத்தட்டுப் பெட்டியின் ஓரமாக நகர்த்தி நிறுத்தினேன். "வந்துடுச்சு!" என்றாள்.

இங்கேதான் அவள் முதலில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நகத்தளவு. 8 மீட்டர் அலையை எழுப்ப வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நகத்தளவு தகட்டால் அது முடியாது. அந்த 41 அதிர்வுச் சுரம் போன் ஸ்பீக்கரிலிருந்து கிட்டத்தட்ட வெளியே வருவதே இல்லை. வருவது அதன் மேற்சுரங்கள் மட்டும், 82, 123, 164 என்று போகும் அதன் மடங்குகள். நம் மூளை அந்த மடங்குகளைக் கேட்டு, 'இதற்கெல்லாம் அடியில் 41 இருக்க வேண்டுமே' என்று இல்லாத சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. காதுக்குள் வைக்கும் இயர்போன் அந்தச் சுரத்தைக் காதுக்குக் கொடுத்துவிடும். நெஞ்சுக்குக் கொடுக்காது.

இரண்டு பாட்டுக்கு நடுவில் இன்னொன்று நடந்தது. பேஸ் வாசிப்பவர் தனியாக ஒரு சுரத்தை மீட்டிச் சுருதி பார்த்தார். டிரம்ஸ்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய சின்ன டிரம் 'ஸ்ர்ர்ர்' என்று தானாகப் பேசியது! அந்த டிரம்மின் அடித்தோலைத் தொட்டபடி முறுக்கிய எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கும். பேஸ் சுரத்தின் அதிர்வெண், டிரம் தோலின் இயல்பான அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் தோலும் சேர்ந்து ஆட, கம்பிகள் சலசலத்தன. ஒத்ததிர்வு. தெருவில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது உங்கள் வீட்டு அலமாரியில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு மட்டும் கிணுகிணுக்கும் இல்லையா? அதே சங்கதி.

அவள் பார்த்தது வேறொன்றை. "அத்தை, டிரம்ஸுக்குக் காந்தமே இல்ல!" ஆமாம். கடை சிறியது என்பதால் டிரம்ஸுக்கு மைக் வைக்கவில்லை. அது தோலிலிருந்து நேராகக் காற்றுக்கு, காற்றிலிருந்து நேராக நமக்கு. மற்ற எல்லாமே காந்தத்தின் வழியாக வந்தவை. பாடகியின் மைக்கைத் திறந்தால் உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதன் பின்னால் ஒரு சுருள், சுற்றிலும் காந்தம். குரல் தகட்டை ஆட்டும், தகடு சுருளை ஆட்டும், மின்சாரம் பிறக்கும். ஸ்பீக்கரில் இதே கதை பின்னிருந்து முன்னாக நடக்கும். சுருளில் மின்சாரம் பாய, காந்தம் அதைத் தள்ளி இழுக்க, சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அடிக்கும். இரண்டும் ஒரே பொருள்தான். சின்ன ஸ்பீக்கரையே மைக்காகவும் வைத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. கிட்டார் ராக்கில் கேட்கும் அந்தக் கரகரப்பு, மின்சார அலையின் உச்சிகளைத் தட்டையாக வெட்டுவதால் வருகிறது. வெட்டிய ஓரங்களில் புதுப்புது மேற்சுரங்கள் முளைக்கும். 1964-இல் தி கிங்க்ஸ் என்ற லண்டன் குழுவின் டேவ் டேவிஸ் இந்தக் கரகரப்புக்காகத் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கீறிவிட்டார். அவருக்கு அப்போது 17 வயது. நீங்கள் வீட்டில் முயல வேண்டாம்.

பாடகி மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தபோது 'கீஈஈ' என்று ஓர் அலறல் எழுந்தது. பள்ளி ஆண்டு விழாவில் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி மைக்குக்குள் புகுந்து, ஒரு கண் இமைப்பில் பல சுற்று வந்துவிடும். எந்த அதிர்வெண்ணுக்கு அந்தச் சுற்றுப்பாதை சாதகமோ அது மட்டும் வளர்ந்து கத்தும். ஓரடி பின்னால் போனாள். நின்றுவிட்டது.

கச்சேரி முடிந்ததும் நோட்டைக் காட்டினாள். பிக்கப் 28, மைக் 2, ஸ்பீக்கர்கள் 12. மொத்தம் 42. பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் போனிலும் ஸ்பீக்கர் உண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காந்தம் உண்டு. "போச்சு" என்று பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள்.

குழுவினர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இசைத்தட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவளுடைய தட்டில் 4 கையெழுத்து. ரயிலில் அதை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அந்தத் தட்டைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. 1877-இல் எடிசன் ஒலியைத் தகரத் தாள் சுற்றிய உருளையில் பதித்தார். 1887-இல் எமில் பெர்லினர் அதைத் தட்டையான வட்டாக்கினார். பின்னர் வெகுகாலம் வட்டுகளை அரக்கு கலந்தே செய்தார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போயிற்று. புரச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரப்பது அது. உலகமெல்லாம் பாடிய தட்டுகளுக்குள் நம் காட்டுப் பூச்சிகளின் உழைப்பு இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். 1948-க்குப் பிறகு வினைல் பிளாஸ்டிக் வந்து, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் பாடும் தட்டுகள் வந்தன.

தட்டில் தெரிகிற வட்டங்கள் தனித்தனி வட்டங்கள் இல்லை. வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகும் ஒரே கோடு. எவ்வளவு நீளம்? தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. 21 நிமிடத்துக்கு 700 சுற்று. சராசரியாக ஒரு சுற்று 65 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பெருக்கினால் 450 மீட்டரைத் தாண்டுகிறது. அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஒரு குறுகிய பாதையில், வளைந்து வளைந்து, அரை மணி முன்னால் எங்கள் நெஞ்சைத் தட்டிய அந்த அதிர்வுகள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் பழைய சுழல்மேசையில் தட்டைப் போட்டோம். நான் வேண்டுமென்றே ஆம்ப்ளிஃபயரைப் போடவில்லை. ஸ்பீக்கரும் ஊமை. "இப்ப ஊசிக்குப் பக்கத்துல காதை வை" என்றேன். வைத்தாள். கண்கள் விரிந்தன. ஊசியே பாடிக்கொண்டிருந்தது! கொசுவின் குரலில், மெல்லிசாக, ஆனால் ஒரு சொல் விடாமல். பள்ளத்தின் வளைவுகளில் ஊசி ஆடுகிறது, அந்த ஆட்டம் கொஞ்சம் காற்றையும் ஆட்டுகிறது, அவ்வளவுதான். 1925 வரை இசைத்தட்டு உலகம் இப்படித்தான் இருந்தது. பாடுகிறவர் ஒரு பெரிய புனலுக்குள் கத்திப் பாட, அந்தக் காற்றே ஊசியைத் தள்ளிக் கோடு கிழித்தது. காந்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. அண்ணன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். அறை நிறைந்தது.

"அப்ப, ஊசிக்குப் பின்னாடியும்..." என்று ஆரம்பித்தாள்.

"குட்டிக் காந்தம். பக்கத்துல சுருள்."

"43."

பள்ளி விடுமுறை என்பதால் மறுநாள் அவளை அல்பமார்ல் தெருவில் இருக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குக் கூட்டிப்போனேன். ஃபாரடே வேலை செய்த அதே கட்டடம். 1825-இல் தொடங்கிய இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் அங்கே நடக்கின்றன. ஃபாரடேயே 19 வருடங்களின் சொற்பொழிவுகளை நடத்தியிருக்கிறார். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால், 1831-இல் அவர் தன் கையால் கம்பி சுற்றிய குழல் இருந்தது. பக்கத்தில் அந்தக் காந்தம். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் கிடையாது. செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க நூலும் துணியும்தான் காவல். எல்லாம் பழுப்பேறிப் போயிருந்தன.

"இது இப்பவும் வேலை செய்யுமா அத்தை?"

"உள்ள கம்பி அறாம இருந்தா, காந்தத்தைச் செருகின உடனே முள்ளு ஆடும்."

அவள் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று சுற்றுகளை எண்ண ஆரம்பித்தாள். நடுவில் தவறவிட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.